அணைத்து வைத்த ஃபிரிட்ஜ்

"என்னால முடியல சாமி," என்றார் தெய்வநாயகம். "ஒண்ணு அந்த ஃபிரிட்ஜ் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மடத்துத் தலைவரான சாமிக்கு முப்பத்தைந்து வயது. தெய்வநாயகத்துக்கு அறுபத்தொன்று. காய்கறி மண்டி வைத்து, முப்பது வருடம் ஊரோடு சண்டை போட்டு, போதுமடா என்று மடத்துக்கு வந்து சீடரானவர். மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு மடத்தில் மத்தியானச் சாப்பாடு. சமையற்கட்டு அவர் பொறுப்பு.

"ஃபிரிட்ஜ் என்ன பண்ணுச்சு?"

"நிக்கவே மாட்டேங்குது. ராப்பகலா ஓடுது. கரண்டு பில்லைப் பார்த்தா வயிறு எரியுது."

"ஏன் நிக்கல?"

"கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கு. குளிரெல்லாம் வெளிய போகுது."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

"மாத்தலாமே."

"அந்த மெக்கானிக் சொல்ற விலைக்கா? ஒரு முழ ரப்பருக்கு? இறங்கி வரட்டும்னு இருக்கேன். மண்டியில என்னை ஒருத்தன் ஏமாத்தினது கிடையாது."

மெக்கானிக் இறங்கி வரவில்லை. மோட்டாரும் நிற்கவில்லை.

"அப்ப என்ன பண்றீங்க?"

"ராத்திரி படுக்கப் போறப்ப அணைச்சிடறேன். காலையில போடறேன். அதுக்கும் ஓய்வு, மடத்துக்கும் மிச்சம்."

"உள்ள இருக்கறது?"

"உள்ளதான் இருக்கு. எங்க போகும்?"

சாமி கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரோ என்று தெய்வநாயகத்துக்குச் சந்தேகம். சாமிக்கும் தூங்கத்தான் ஆசை.

"இன்னிக்கு என்ன சமையல்?" கண் மூடியபடியே கேட்டார் சாமி.

"சோறு மட்டும்தான் வடிச்சேன். நேத்து சாயங்காலம் கல்யாண வீட்டிலிருந்து நாலு வாளி குருமா வந்துச்சு. சுடச்சுட உள்ள தள்ளிக் கதவை மூடினேன்."

"அப்புறம் அணைச்சீங்க."

"அணைச்சேன்."

"காலையில எப்படி இருந்துச்சு?"

"வெதுவெதுன்னு இருந்துச்சு. தேங்காய் அரைச்சு ஊத்தின குருமா பாருங்க. மோந்து பார்த்தேன். பரவாயில்ல. அடுப்புல ஏத்திட்டேன், கொதிச்சா சரியாப் போயிரும்."

"நீங்க சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"எனக்கு ரெண்டு வாழைப்பழம் போதும்னு விட்டுட்டேன்."

சாமி கண்ணைத் திறந்தார்.

"என்ன பார்க்கறீங்க? கொட்டச் சொல்றீங்களா? நாலு வாளி சாமி! வயித்துக்குப் போக வேண்டியதைக் குழியில கொட்டவா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அதுதான் தெய்வநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். விலை சொன்னால் பாதிக்குக் கேட்கலாம். சும்மா இருக்கிற ஆளிடம் என்னத்தைப் பேசுவது?

தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார்.

மத்தியானம் நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். காலெல்லாம் கொப்புளம். யாருக்கும் பேசத் தெம்பில்லை.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுவது சாமியின் வழக்கம். அன்றைக்கு வந்து முதல் இலையில் உட்கார்ந்தார்.

சோறு விழுந்தது. தெய்வநாயகம் குருமா வாளியோடு வந்து நின்றார்.

"நீங்க கடைசியிலதானே சாமி உக்காருவீங்க?"

"இன்னிக்குப் பசிக்குது. போடுங்க."

குனிந்தார். கரண்டி நிறைய மொண்டார். இலைக்கு மேலே கொண்டுபோனார். கை சாயவில்லை.

"ஊத்துங்க ஐயா. சோறு ஆறுது."

"உங்களுக்கு மோர் கொண்டாரச் சொல்றேன்."

"ஏன்? குருமாவுக்கு என்ன?"

தெய்வநாயகம் கரண்டியை வாளிக்கு மேலே இழுத்துக்கொண்டார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு வாளிக்குள் விழுந்தது.

பக்கத்து இலையில் ஒரு பெண். பாதத்தில் துணி சுற்றியிருந்தாள். சோற்றில் குழி பறித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவருக்கு வேணாம்னா எனக்கு ஊத்துங்களேன். விடியக் கருக்கல்ல கிளம்பினது. கண்ணு இருட்டுது."

தெய்வநாயகம் அவள் இலையைப் பார்த்தார். அதற்கு அடுத்த இலையைப் பார்த்தார். வரிசை வாசல்வரை போயிற்று. எல்லார் சோற்றிலும் குழி.

கரண்டியை வாளிக்குள் போட்டார்.

"எந்திரிச்சுடாதீங்க தாயி. கால் மணி நேரத்துல ரசம் வச்சுடறேன்."

"அதான் கையில வாளி நிறைய இருக்கே? எங்களுக்கு ஊத்த மனசு வரலையா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. சாமி மட்டும் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெய்வநாயகம் வாளியைக் கீழே வைத்தார்.

"கெட்டுப்போச்சு தாயி. நான் கெடுத்துட்டேன்."