ஏழு மூச்சும் புளியங்கொட்டை ஒத்திகையும்

வெகு காலத்துக்கு முன்னால், மணிவரை நாட்டில், வேலாண்டி என்ற தச்சன் தன் மனைவி பவளாயியைக் கல்லாவதற்கு முன் கடைசியாகப் பார்த்தது அவள் குடத்தோடு சுனைக்குப் புறப்பட்ட காலையில். போனவள் வரவில்லை. தேடிப் போனால் கரையில் கல்லாக நிற்கிறாள். பக்கத்தில் சடையன் என்ற மந்திரவாதி.

"இவள் மூச்சை ஏழாக்கி இந்தப் பெட்டிக்குள் ஒளித்திருக்கிறேன். பெட்டிக்குள் பல பெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் பல பெட்டி, எல்லாம் ஒரே மாதிரி. மூன்றாம் நாள் வந்து தேடு; ஏழும் கிடைத்தால் இவள் பிழைப்பாள். ஒன்றை இரண்டு முறை திறந்தாலும், ஒன்றைத் திறக்காமல் எழுந்தாலும் நீயும் கல்!"

வீட்டில் பவளாயியின் தங்கை மரகதம் கேட்டாள். "பெட்டி செய்யத் தெரியும். தேடத் தெரியுமா மாமா? சின்னதா ஒண்ணு செய்ங்க, ஏழு புளியங்கொட்டை ஒளிச்சு வைக்கிறேன். இதுல தோத்தா திட்டோட போயிடும்."

முதல் நாள் வேலாண்டி தான் செய்த சின்னப் பெட்டிக்குள் இருந்த எல்லாப் பெட்டிகளையும் வெளியே பரப்பினான். எது திறந்தது, எது திறக்காதது என்று தெரியவில்லை. ஒன்றை மறுபடி திறந்தான்.

"மாமா கல்லு!" என்று கை தட்டினாள் மரகதம்.

இரண்டாம் நாள் ஒரு பெட்டியை எடுத்தால் அதன் அடிவரை போனான்; மூடிக்கொண்டே மேலே வந்தான்; பிறகே அடுத்தது. ஐந்து கொட்டை கிடைத்தது. அடுத்த பெட்டி காலி. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"மாமா கல்லு! ஏன் எழுந்தீங்க?"

"ஆணிப்பெட்டி காலியானா அன்னிக்கு வேலை முடிஞ்சுதுன்னு எழுந்திருப்போம். தச்சன் வழக்கம்மா."

"நல்ல வழக்கம்! காலின்னா அந்த ஒரு பெட்டிதான் முடிஞ்சுது. மூடுங்க, மேலே வாங்க, அடுத்ததைத் திறங்க."

காலிப் பெட்டிகளை அதிகமாக்கி, கொட்டைகளை இடம் மாற்றி, மூன்று முறை தேடவைத்தாள். மூன்று முறையும் ஏழு வந்தது.

மூன்றாம் நாள் சுனைக்கரையில் மந்திரவாதியின் பெட்டி; மரகதமும் கூட வந்திருந்தாள். அடிவரை போனான், மூடினான், மேலே வந்தான். குருவிக்குஞ்சு போல வெதுவெதுப்பாக ஒரு மூச்சு, இன்னொன்று, ஆறு வரை வந்தது. அடுத்தது காலி. முழங்கால் தானாக எழும்பியது.

"எழுந்திரு தச்சா, வேலை முடிந்தது" என்றான் சடையன் தேனாக.

வேலாண்டி அழுத்தி உட்கார்ந்தான். மூடினான். அடுத்ததைத் திறந்தான். அதுவும் காலி. மூடினான். கடைசிப் பெட்டியில் ஏழாவது மூச்சு இருந்தது.

கல்லின் மார்பு ஏறி இறங்கியது. சடையன் புழுதியாக உதிர்ந்தான்.

"மாமா ஏன்டி அழறாரு?" என்றாள் பவளாயி.

"அழட்டும் அக்கா. மூணு நாளா அடக்கி வச்சது."

மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், பல காலம் வாழ்ந்தார்கள். பவளாயியின் இடது காதுமடல் மட்டும் கடைசிவரை கொஞ்சம் குளிர்ந்தே இருந்தது.