கரடி டீச்சர் போட்ட காக்கி அட்டை

ஒரு காட்டில், ஆற்றங்கரை மேட்டில், குட்டிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகளே, அதன் தலைமையாசிரியை பெருந்தேவி என்ற கரடி. சுத்தம் என்றால் அவருக்கு உயிர். கரும்பலகையில் எழுதிய கையோடு துடைத்துவிடுவார். குட்டிகள் எதையும் பார்த்து எழுதியதே கிடையாது.

அந்த வருடம் அவர் புத்தகக் கண்காட்சி வைத்தார். 'ஆயுள் முழுக்க வாசிப்போம்' என்று வாசலில் துணி கட்டினார்.

"டீச்சர், என் ஆயுள் முந்நூறு வருஷமாச்சே! புத்தகம் பத்துமா?" என்று கவலைப்பட்டது ஆமைக்குட்டி.

"முதலில் ஒன்றை எடு. அப்புறம் பார்க்கலாம்."

கரடி டீச்சருக்கு வேறு கவலை. கல்வி அதிகாரி யானை ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "குட்டிகள் புத்தகம் எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் இந்த மைதானத்தில் ராட்டினம்தான். கண்காட்சி கிடையாது!"

ஆனால் குட்டிகளின் கைகளை நினைத்தால் டீச்சருக்கு உடம்பெல்லாம் அரித்தது. சேறு, தேன், மூக்குச்சளி! மூன்று நாள் உட்கார்ந்து, மைதா பசை காய்ச்சி, எல்லாப் புத்தகத்துக்கும் காக்கி அட்டை போட்டார். திறக்க முடியாதபடி நாலு பக்கமும் ஒட்டினார். மேலே ஒரு லேபிள்: 'புத்தகம்'.

கண்காட்சி தொடங்கியது.

"டீச்சர், இதில் பேய்க்கதை எது?" என்றது குரங்குக்குட்டி.

"ஏதோ ஒன்று."

"சமையல் புத்தகம்?"

"அதுவும் ஏதோ ஒன்று. தொடாமல் கேள்!"

"தொடாமல் எப்படி டீச்சர் தெரியும்?"

"கொண்டுபோய் அலமாரியில் வை. பார்க்க அழகாக இருக்கும்."

"செங்கல் மாதிரி இருக்குடா. வா, மேட்டில் சறுக்கி விளையாடலாம்," என்று குரங்கு கிளம்ப, எல்லாக் குட்டிகளும் பின்னாலேயே ஓடிவிட்டன. பசை வாசனைக்கு மயங்கி நின்றது பூவரசி என்ற வெள்ளாட்டுக்குட்டி மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மேளம் கொட்டியது. யானை ஐயா! மாலையோடு ஓடினார் டீச்சர். மாலையைப் போடக் கையைத் தூக்கியபோது உள்ளே ஓர் அலறல்.

"புலி! உள்ளே புலி!"

பதறித் திரும்பி வந்தால், பூவரசி ஒரு புத்தகத்தின் அட்டையை மூலையில் தின்றிருந்தது. ஓட்டை வழியே புலியின் ஒற்றைக் கண். பூவரசியைத் தேடித் திரும்பி வந்து எட்டிப் பார்த்த முயல்குட்டிதான் அலறியது. சறுக்கப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து மொய்த்துவிட்டார்கள்.

"சிரிக்குதா, முறைக்குதா? தெரியலையே! பூவரசி, இன்னும் கொஞ்சம் கடி!"

பூவரசி கடித்தது. மீசை தெரிந்தது. இன்னொரு கடி. கையில் கரண்டி!

"புலி ஏன் தோசை சுடுது?"

அவ்வளவுதான். பத்துக் கைகள் பக்கங்களைப் புரட்டின.

"ஐயோ, என் அட்டை!" என்று பிடுங்கப் போனார் டீச்சர்.

நடுவில் தும்பிக்கை வந்து தடுத்தது. "பொறுங்கள் டீச்சர். தோசையைத் திருப்பிப் போட்டதா, இல்லையா?"

"எனக்கு எப்படி ஐயா தெரியும்?"

"நீங்கள் படிக்கவில்லையா?"

"அட்டை போடத்தான் நேரம் இருந்தது," என்றார் டீச்சர், மெல்லிய குரலில்.

அவர் குட்டிகளைப் பார்த்தார். புத்தகப் பக்கத்தில் பதிந்த சேற்றுத் தடத்தைப் பார்த்தார். உடம்பு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, புத்தகங்கள் அடுக்கிய அடுத்த பெஞ்சை இழுத்துப் போட்டார்.

"பூவரசி! அங்கேயே நிற்காதே. இந்த வரிசையையும் தின்னு!"

மணி அடிப்பதற்குள் பெஞ்சுகள் காலி. ராட்டினப் பேச்சே எழவில்லை. மிஞ்சிய ஒரே புத்தகத்தை யானை ஐயா ஒரு முனையிலும் கரடி டீச்சர் மறுமுனையிலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அதிகாரி!"

"நான் இன்னும் முதல் பக்கமே முடிக்கவில்லை. விடுங்கள் ஐயா!"

நீதி: அழுக்குப் படாமல் பூட்டி வைத்த புத்தகத்தைவிட, ஆசையாய்ப் புரட்டிக் கசங்கிய புத்தகமே மேல்.