பட்டை உரித்த மரம்

“இந்தப் பேப்பரைத் திருத்தினவங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?”

தாவரவியல் ஆய்வகத்தில் ரெஜினா மட்டும்தான் இருந்தாள். முனைவர் பட்ட ஆய்வு மாணவி. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அக்கா. முருங்கைத் தண்டு ஒன்றை பிளேடால் மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கவில்லை.

“திருத்தினது நான்தான். கண்ணாடி போட்டா ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும். நீ யாரு?”

முதலாமாண்டு மாணவி இசக்கியம்மாள் விடைத்தாளை மேசையில் வைத்தாள்.

“ஐம்பதுக்கு ஒன்பது போட்டீங்களே, அந்த இசக்கியம்மாள். டிசி வாங்கிட்டு ஊருக்குப் போறேன். துறைத்தலைவர் மேடம் கையெழுத்துப் போடணும். கிளாஸ்ல இருக்காங்களாம்.”

“வந்துருவாங்க. உட்காரு.”

உட்காரவில்லை. முதல் மேசைக்கும் கடைசி மேசைக்குமாக நடந்தாள். கையில் டிசி விண்ணப்பம். கக்கத்தில் நோட்டு.

ப்ளஸ் டூவில் இதே பாடத்தில் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு எங்கே போச்சு என்று கேட்ட அப்பா, இந்த ஒன்பதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்கவில்லை. “வந்துரு” என்று மட்டும் சொன்னார். வீட்டில் தங்கச்சி ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ‘பெரியவ போய் என்னத்தக் கிழிச்சா?’ என்று அவளையும் மடக்கி உட்கார வைத்துவிடுவார்கள்.

அதை நினைக்க நினைக்க நடை வேகமானது.

“எத்தனை தடவை படிச்ச?”

“ஏழு தடவை. கமா, புள்ளி விடாம ஒப்பிப்பேன். அஞ்சு கலர் பேனாவுல நோட்ஸ் எடுத்திருக்கேன். ஃபுளோயத்தைப் பத்தி மூணு பக்கம் எழுதினேன். மூணு பக்கத்துக்கு ஒரு மார்க்! ஒரு பக்கத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தாலும் மூணு வந்திருக்கும்.”

“நான் கேட்ட கேள்வி என்ன?”

“மரத்துப் பட்டையை வளையமா உரிச்சு எடுத்தா என்ன ஆகும்னு. புத்தகத்துல அப்படி ஒரு கேள்வியே கிடையாது. இல்லாததைக் கேட்டுட்டு மார்க்கைக் குறைச்சா எப்படி? அதுவும் இங்கிலீஷ்ல.”

“நீ சண்டை போடுறது எந்த மொழியில?”

“தமிழ்லதான்.”

“அப்ப அதுலயே போடு. நோட்டைக் கொடு.”

கொடுத்தாள். ரெஜினா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேசையில் வைத்து, அதன்மேல் மைக்ராஸ்கோப்பைத் தூக்கி வைத்தாள்.

இசக்கிக்குத் தன் நெஞ்சிலேயே யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“வெளிய நிக்குதே வேப்பமரம், அதுல சுத்திவரப் பட்டையை உரிச்சா நாளைக்கே இலையெல்லாம் வாடிரும்” என்றாள் ரெஜினா.

“நாளைக்கேவா? ஏன்?”

“பட்டை வழியாத்தானே தண்ணி மேல போகுது.”

“பட்டை வழியாவா? உள்ள கட்டை எதுக்கு இருக்கு? தண்ணி சைலத்துல போகுது. சைலம் கட்டைப் பக்கம். பட்டையோட போறது சாப்பாட்டைக் கொண்டுபோற ஃபுளோயம்தான்.”

“அப்படியா. தண்ணி போகுதுன்னா மரத்துக்கு ஒரு குறையும் இல்ல. நல்லா இருக்கும்.”

“எப்படிக்கா நல்லா இருக்கும்? வேர் என்னத்தச் சாப்பிடும்?”

“மண்ணு இருக்கே.”

“மண்ணுல என்ன சோறா பொங்கி வச்சிருக்கு? தண்ணியும் உப்பும்தான் இருக்கு. சாப்பாடு இலையிலருந்து இறங்கி வரணும். வர்ற பாதையத்தான் நீங்க உரிச்சுட்டீங்களே!”

ரெஜினாவின் கையிலிருந்த தண்டை வெடுக்கென்று பிடுங்கினாள். நகத்தால் கீறி, ஒரு விரற்கடை அகலத்துக்குப் பட்டையை உரித்துக் காட்டினாள்.

“இங்க பாருங்க. மேலருந்து வர்றது இதோ இந்த இடத்துல நிக்கும். கீழ போக வழியில்ல. சேர்ந்து சேர்ந்து வளையத்துக்கு மேல வீங்கும். கீழ வேர் பட்டினி கிடக்கும். மரம் கொஞ்ச நாள் பச்சையாத்தான் நிக்கும். பாக்கிறவங்க நல்லா இருக்குன்னுதான் நினைப்பாங்க. வேர் செத்து, தண்ணியும் நின்ன பிறகுதான் இலை வாடும். நாளைக்கே வாடிருமாம், நாளைக்கே!”

மூச்சு வாங்கியது.

“வளையத்துக்கு மேல வீங்கும்னு சொன்னியே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?”

இசக்கி மைக்ராஸ்கோப்பை நகர்த்தி நோட்டை எடுத்தாள். பச்சை மை. சிவப்பு மை. ஏழு தடவை படித்த பக்கங்கள். புரட்டினாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். ஊதாவில் அடிக்கோடிட்ட வரிகளை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

இல்லை.

“இதுல இல்லக்கா.”

“ம்.”

“பிறகு எனக்கு எப்படி...”

ரெஜினா புதிய தண்டு ஒன்றை எடுத்துச் சீவத் தொடங்கியிருந்தாள்.

“சரி, வேம்பு செத்துரும், ஒத்துக்கிறேன். தென்னையும் அப்படித்தான். சுத்திவர வெட்டினா கண்டிப்பாச் செத்துரும்.”

“தென்னையா?”

இசக்கி பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தது அவளுக்கே தெரியவில்லை.

“எங்க ஊர்ல தென்னையில படி மாதிரி வெட்டி வெட்டித்தான் ஏறுதாங்க. ஒரு மரம்கூடச் சாகல. இருங்க... அதுல பட்டையே கிடையாதே. அப்ப ஃபுளோயம் எங்க இருக்கும்?”

வாசலில் அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

“மேடம் வந்துட்டாங்க. டிசிக்குக் கையெழுத்து கேட்டது யாரும்மா?”

“கொஞ்சம் சும்மா இருங்கண்ணே” என்றாள் இசக்கி, திரும்பாமலே. “இந்த அக்கா தப்புத் தப்பாப் பேசிட்டு இருக்காங்க.”