ஓட்டுப் போடாத பேராசிரியர்

ஒரு காலத்தில் ஒரு சட்டப் புத்தகம் இருந்தது. ஹைஃபாவில் விரிவுரையாளராக இருந்த வாலிப வயதில் அவினோவாம் ஷக்கேத் அதை எழுதினார். 'காரணம் சொல்லாமல் யாரையும் அடைத்து வைக்கக் கூடாது' என்ற வரிதான் அதற்கு உயிர். அந்த வரியால் புத்தகத்துக்குக் கொள்ளைப் பெருமை.

அவர் பேராசிரியரானார். பிறகு அரசியலுக்கு வந்து ஜெருசலேமில் எம்.பி. ஆனார். ஆளுங்கட்சி வரிசையில் ஒரு நாற்காலியும் கிடைத்தது.

ஒரு நாள், காரணம் சொல்லாமலே ஆளை அடைத்து வைக்கலாம் என்றொரு மசோதா வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஸுஹைலா புத்தகத்தை மேடைக்கே கொண்டுவந்து, அந்த வரியை உரக்க வாசித்தார்.

"எழுதியவர் உங்கள் பக்கம்தான் இருக்கிறார். அவரையே கேளுங்கள்!"

எல்லோரும் திரும்பினார்கள். நாற்காலி காலி.

"எங்கே அவர்?" என்று பதறியது புத்தகம்.

"கேன்டீனில் காபி குடிக்கிறார்," என்றது நாற்காலி. "எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அவர் இல்லாததால் இவரும் ஓட்டுப் போடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஓட்டுக் குறைந்து சரிக்குச் சரியாகிவிடும், இங்கே அப்படி ஒரு வழக்கம்."

"நல்ல மனசு அவருக்கு."

"மண்ணாங்கட்டி! இன்றைக்கு யார் வரமாட்டார்கள் என்று காலையிலிருந்து இவரே தேடி அலைந்தார். ஆதரித்தால் உன் முகத்தில் விழிக்க முடியாது. எதிர்த்தால் வரப்போகிற மந்திரி பதவி போய்விடும். வேறென்ன செய்வார், பாவம்!"

புத்தகத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. சபை நடுவே தன்னை இப்படி விரித்து வைத்திருக்கிறார்களே, யாராவது மூடித் தொலைக்க மாட்டார்களா என்றிருந்தது.

மசோதா ஒரே ஓட்டில் ஜெயித்துச் சட்டமானது. பேராசிரியர் வந்து எதிர்த்திருந்தால் ஓட்டுகள் சமமாகி, அந்தச் சபை விதிப்படி மசோதா தோற்றிருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "நான் ஆதரிக்கவில்லையே," என்று யாரும் கேட்காமலே சொன்னார். புத்தகம் இருந்த பக்கம் மட்டும் அவர் பார்வை போகவில்லை.

மேசையில் பக்கத்திலேயே கிடந்த புதுச் சட்டம் புத்தகத்தை ஒட்டி நகர்ந்து வந்தது.

"அக்கா, இவர்தான் உன் அப்பாவா?"

"ஆமாம்," என்றது புத்தகம், தலையைத் தூக்காமல்.

"அப்படியானால் எனக்கும்தான். இவர் வராததால்தானே நான் பிறந்தேன்?"