நிற்காத மணி

கொட்டுகிற மழையில் மூன்று கழுதைகள் மலை ஏறிக்கொண்டிருந்தன. முன்னால் செவலி. நடுவில் அவள் மகள் சிமிழி. கடைசியில் மொட்டைவாலன். மூவர் முதுகிலும் கேழ்வரகு மூட்டை. உச்சியில் இருக்கும் முயலூரில் அடைமழையால் அடுப்பெரிந்து நாலு நாளாகிவிட்டதாம்.

செவலியின் கழுத்தில் ஒரு மணி. மழைக்காலத்தில் மலையில் மூடுபனியாய் மஞ்சு இறங்கினால் முன்னால் போகிறவரின் வால்கூடத் தெரியாது. அதனால் வழி தெரிந்தவருக்கு மணி கட்டிவிடுவார்கள். மற்றவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். மணி கட்டிய நாளிலிருந்து செவலிக்குத் தலைகால் புரியவில்லை!

வழியில் ஆட்டூர் வந்தது.

"அக்கா, ஆடுங்க நேத்துதான் மேலேயிருந்து இறங்கி வந்திருக்கு. பாதை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாமே!" என்றான் மொட்டைவாலன்.

"என்னடா பேசுற? மணி கட்டினவ நான்! நான் போய் ஆட்டுக்கிட்ட வழி கேட்டா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். பேசாம வா!"

ஆட்டூரைத் தாண்டியதும் மஞ்சு கவிந்துகொண்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு பலா மரம் வரவேண்டும். வரவில்லை. செவலி இன்னும் நடந்தாள். அப்போதும் வரவில்லை. இது எந்த இடம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, கால் வழுக்குது. வழி சரிதானே?" என்று கேட்டாள் சிமிழி.

'தெரியலடி கண்ணு, அங்கேயே நில்லு' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் பின்னால் மொட்டைவாலன் வருகிறானே! அவன் காதில் விழுந்தால் மானம் போய்விடாதா?

"இதோ வந்தாச்சு! மணிச் சத்தத்தை மட்டும் விடாம பிடிச்சுக்கிட்டு வா!" என்றாள்.

அடுத்த அடியில் தரை இல்லை. மண் சரிந்து பாதையையே கொண்டுபோயிருந்தது. செவலி உருண்டு போய்க் கீழே ஒரு பாறை விளிம்பில் மாட்டிக்கொண்டாள். அதற்கும் கீழே காட்டாறு புரண்டு ஓடியது.

"சிமிழி, வராதே! நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஆற்றின் இரைச்சலில் அவள் குரல் அமுங்கிப் போனது. குளிரிலும் பயத்திலும் அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. நடுங்க நடுங்க மணி மட்டும் கணீர் கணீரென்று அடித்தது.

மேலேயிருந்து பொடிக்கல் உருண்டு வந்தது. ஐயோ, யாரோ விளிம்புக்கு வருகிறார்கள்!

"அடிக்காதே! உனக்குப் புண்ணியமாப் போகும், அடிக்காதே!" என்று மணியிடமே கெஞ்சினாள். தாடையால் அதை நெஞ்சோடு சேர்த்து அமுக்கினாள். நடுக்கமும் நிற்கவில்லை, மணியும் நிற்கவில்லை.

பாவம் சிமிழி, அம்மா சொன்னபடியே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். செவலியின் கண்ணெதிரே மூட்டையோடு ஆற்றில் விழுந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கல் உருளும் சத்தத்தில் காலை ஊன்றி நின்றுவிட்ட மொட்டைவாலன், ஆட்டூருக்கு ஓடி ஆடுகளைக் கூட்டி வந்தான். அவை காட்டுக்கொடியை முறுக்கிச் சுருக்குப் போட்டுக் கீழே விட்டு, செவலியின் உடம்பில் மாட்டி இழுத்தன.

"என்னை ஏன் இழுக்கிறீங்க? விட்டுடுங்க! என் மகள் போன பக்கமே நானும் போறேன்!" என்று செவலி கதறினாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்? மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"என்ன அக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றது ஒரு கிடா. "பலா மரமும் பாதையும் சேர்ந்தே சரிஞ்சு போச்சு. நாங்க சுத்துவழியாத்தான் இறங்கினோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே!"

மொட்டைவாலன் செவலியின் கழுத்து மணியைப் பல்லால் அவிழ்த்தான். அவள் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவர், தம்மை நம்பிப் பின்னால் வருகிறவரையே பலி கொடுக்கிறார்.