பேச்சியின் புள்ளி

"அக்கா, என் கால் செத்துப்போச்சு."

பேச்சியம்மாள் வந்ததும் சொன்ன வார்த்தை அதுதான். தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை.

மைதானத்தில் ரெக்சலின் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பேச்சியின் கால்களைப் பார்த்தாள்.

"நின்னுக்கிட்டுத்தான இருக்க?" என்றாள். மீதிக் கோட்டைப் போடக் குனிந்துவிட்டாள்.

இருவருக்கும் சில வயதுதான் வித்தியாசம். தென்காசிப் பக்கம் ஒரே கபடி அணியில் ஆடியவர்கள். முட்டி போனபிறகு ரெக்சலின் ஆடுவதை விட்டாள். அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனாள். பேச்சிக்குப் பாடிப் போகச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

எதிரணிக் களத்துக்குள் ஒரே மூச்சில் பாடிப் போய், ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அதுதான் பேச்சியின் வேலை. அந்த வட்டாரத்தில் எங்கே போட்டி நடந்தாலும் அதிகப் புள்ளி அவளுக்குத்தான். மைக்கில் அவள் பேரைச் சொன்னால் டீ குடிக்கப் போனவர்கள் கிளாஸோடு திரும்பி வருவார்கள்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் வடக்கே ஒரு பெரிய அணி அவளுக்கு வேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது.

போன இடத்தில் புள்ளி வரவில்லை.

"டாக்டர்ட்ட காட்டினியா?" கோடு போட்டபடியே ரெக்சலின் கேட்டாள்.

"ஒண்ணுமில்லங்காரு."

"ஓட்டம்?"

"முன்னைக்கு இப்ப வேகமாத்தான் ஓடுதேன்."

"பிறகு?"

"அதான் தெரியல. அடுத்த போட்டியிலயும் இப்படியே ஆடினா அனுப்பிருவோம்னு சொல்லிட்டாங்க."

பேச்சி செல்போனை எடுத்தாள். இங்கே ஆடியபோது அவள் பாடிப் போனது, அங்கே ஆடியபோது பாடிப் போனது, எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்கக்கா."

ரெக்சலின் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள்.

"வித்தியாசமே இல்லையே."

"அப்ப புள்ளி மட்டும் ஏன்…"

"மிச்சம் எங்க?"

"எது மிச்சம்?"

"நீ வெளிய உக்காந்திருந்தது."

"அதை எதுக்குக்கா வச்சிருக்கணும்?"

"ஒரு மேட்ச முழுசாப் போடு."

வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். வடக்கே ஆடிய ஆட்டம். பேச்சி பாடிப் போகிறாள், ஒருத்தியைத் தொட்டுவிட்டு வருகிறாள். மறுபடி போகிறாள். பிடித்துவிடுகிறார்கள். அவுட். வெளியே போய் உட்காருகிறாள்.

அவுட் ஆனவள் தானாக உள்ளே வர முடியாது. அவள் அணிக்காரிகள் எதிரணியில் யாரையாவது அவுட் ஆக்க வேண்டும். அப்போதுதான் வெளியே இருப்பவள் களத்துக்குத் திரும்பலாம்.

யாரும் ஆக்கவில்லை.

எதிரணிக்காரிகள் வந்தார்கள், போனார்கள். பேச்சியின் ஆட்கள் கையை நீட்டினார்கள், நழுவ விட்டார்கள். பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

ஓட்டிவிடலாம் என்று பேச்சி விரலைத் திரைக்குக் கொண்டுபோனாள். ரெக்சலின் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். பேச்சி உட்கார்ந்திருப்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இங்கே ஆடிய பழைய ஆட்டம் ஒன்று.

பேச்சி அவுட் ஆகிறாள். உட்காருகிறாள். எதிரணிக்காரி பாடி வருகிறாள். இடது மூலையிலிருந்து ஒருத்தி பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடிக்கிறாள். நடுவர் கையைத் தூக்குகிறார். பேச்சி உள்ளே.

மறுபடி அவுட். மறுபடி அந்த இடது மூலை. மறுபடி உள்ளே.

பேச்சியின் முகம் தெளிந்தது.

"அப்ப தப்பு என்மேல இல்லக்கா! அங்க ஒருத்தியும் பிடிக்க மாட்டேங்கா. உள்ள இருந்தாத்தான நான் புள்ளி எடுக்க முடியும்?"

"ஆமா."

"அப்ப அந்தக் கொஞ்சப் புள்ளி என்னோடது இல்ல."

"இல்ல."

"இது தெரியாம நான் கெடந்து அழுதேன் பாருங்க."

"இங்க எடுத்த நிறையப் புள்ளி?"

"அதுக்கென்ன?"

"அதுவும் உன்னோடது இல்ல."

பேச்சி எழுந்து நின்றாள். செல்போனை அணைத்தாள்.

"அப்ப என்னோடது எதுக்கா?"

"சாயங்காலம் இரு," என்றாள் ரெக்சலின்.

சாயங்காலம் பயிற்சிக்குப் பெண்கள் வந்தார்கள். ரெக்சலின் எல்லாரையும் ஒரே பக்கம் நிறுத்தினாள். எதிர்ப்பக்கம் பேச்சியை மட்டும் நிற்கச் சொன்னாள்.

"இதென்னக்கா ஆட்டம்?"

"உன் ஆட்டம்."

விசில் ஊதினாள்.

பேச்சி பாடிப் போனாள். வலப்பக்கம் போவதுபோல உடம்பைக் காட்டி இடப்பக்கம் திரும்பினாள். ஒரே வீச்சில் இரண்டு பேரைத் தொட்டாள். நடுக்கோட்டைத் தாண்டி வந்து விழுந்தாள். வடக்கே போனபிறகு இவ்வளவு நன்றாகப் பாடிப் போய்த் திரும்பியதே இல்லை.

எழுந்தாள். அணிக்காரிகளோடு கைதட்டக் கையை உயர்த்தித் திரும்பினாள்.

பாதி மைதானம் காலியாகக் கிடந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒல்லியான ஒருத்தி பாடி வந்தாள். பேச்சி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். ஒற்றை ஆள் பிடி. அவள் திமிறிக்கொண்டு, பேச்சியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டாள்.

பேச்சி வெளியே போய் உட்கார்ந்தாள். அவளை உள்ளே கொண்டுவர அந்தப் பக்கம் யாரும் இல்லை. எதிரே நின்ற பெண்களுக்கும் இனி யாரோடு ஆடுவதென்று தெரியவில்லை. நின்றார்கள். அணி மொத்தமும் அவுட் ஆனால் எல்லாரும் திரும்ப இறங்கலாம்; ஆனால் ரெக்சலின் அதற்கு விசில் ஊதவில்லை. ஆட்டம் முடிந்தது என்றும் சொல்லவில்லை.

வெயில் மைதானத்தை விட்டுப் போகும்வரை பேச்சியை அப்படியே உட்கார வைத்திருந்தாள். பிறகு வந்து கேட்டாள்.

"எத்தனை புள்ளி எடுத்த?"

"ரெண்டு."

"அதுதான் உன்னோடது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மற்றப் பெண்களும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஒருத்தி மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோமு. பழைய ஆட்டத்தில் இடது மூலையிலிருந்து பாய்ந்தவள். தோளில் கட்டுப் போட்டிருந்தாள்.

"என்னட்டி, கோவமா?"

பேச்சி அவளைப் பார்த்தாள். "நான் வெளிய இருந்தப்பல்லாம் நீதான் என்னை உள்ள கொண்டாந்திருக்க."

"நான் மட்டுமா? எல்லாரும்தான்."

"எனக்குத் தெரியவே தெரியாதுட்டி."

"நீ எங்களப் பாத்தாத்தான? வெளிய உக்காந்தா தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கூட்டத்தத்தான பாத்துக்கிட்டு இருப்ப."

கோமு அதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். அதுதான் பேச்சிக்கு வலித்தது.

"இப்பவும் அப்படித்தான் பிடிக்கியா?"

"எங்க? நீ போனப்புறம் கேச்சே விழ மாட்டேங்கு."

"தோளாலயா?"

"தோளு அப்பவும் இப்படித்தான் கெடந்துச்சு. நீ இருந்தப்ப நாம புள்ளியில முன்னுக்கு நிப்போம். எதிர்க்க ஆடுதவளுவ அவசரப்பட்டு உள்ள வந்து கால நீட்டுவாளுவ. கவ்வி இழுத்துருவேன். இப்ப அவளுவளுக்கு என்ன அவசரம்? கோட்டுப் பக்கத்துலயே நின்னு பாடிட்டுப் போயிருதாளுவ."

கோமு மண்ணைக் கிள்ளிப் போட்டாள்.

"நான் தோளுதான் போச்சுன்னு நெனச்சு எண்ணெ தேச்சுக்கிட்டு இருக்கேன்."

இருட்டும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

மறுநாள் ரயிலுக்குப் போகுமுன் பேச்சி ரெக்சலின் வீட்டுக்குப் போனாள்.

"போய் என்ன செய்யட்டும்க்கா?"

"அங்க இடது மூலையில நிக்கது யாரு?"

"பிங்கின்னு ஒருத்தி."

"பாயும்போது எந்தக் கால ஊனுவா?"

பேச்சிக்குத் தெரியவில்லை.

"அவளுக்கு எந்த ஊரு?"

அதுவும் தெரியவில்லை.

"சரி, ரயிலுக்கு நேரமாச்சு," என்றாள் ரெக்சலின்.

வடக்கே குளிர் தொடங்கியிருந்தது. பிடி என்பதற்கு இந்தியில் என்ன வார்த்தை என்று பேச்சி விடுதிச் சமையல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பும்போது பிங்கியின் முன்னால் போய் நின்றாள். வலது காலை நீட்டினாள்.

"பகடோ."

பிங்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அடுத்த நாளும் பேச்சி காலை நீட்டினாள். பிங்கி சுற்றுமுற்றும் பார்த்தாள். சட்டென்று குனிந்து கணுக்காலைப் பிடித்தாள். பேச்சி உதறிவிட்டு ஓடினாள்.

பிங்கிக்கு ரோசம் வந்துவிட்டது. மறுபடி நீட்டு என்று கையைக் காட்டினாள்.

தினமும் அப்படி நடந்தது. காலைப் பார்க்காதே, என் இடுப்பைப் பார் என்று பேச்சி கையால் தொட்டுக் காட்டினாள். சீக்கிரம் பாயாதே என்பதற்கு இந்தி வார்த்தை தெரியாமல், பிங்கியின் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இப்போது என்ற நேரத்தில் விட்டாள். பேச்சியின் கணுக்கால் வீங்கியது. சொந்தக்காலைப் பிடிக்கக் கொடுத்துக் கெடுத்துக்கொள்கிறாள் என்று மற்றவர்கள் சிரித்தது மொழி தெரியாமலே புரிந்தது.

முடிந்ததும் பிங்கி தன் தோழிகளோடு சத்தமாகப் பேசிக்கொண்டு போய்விடுவாள். பேச்சி நொண்டிக்கொண்டே அறைக்குப் போய்க் காலுக்கு ஐஸ் வைப்பாள். பேச ஆள் கிடையாது.

போட்டி வந்தது.

முதல் ஆட்டத்திலேயே பேச்சியைப் பிடித்துவிட்டார்கள். வெளியே போய் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அவள் கவனிக்கவில்லை. இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரணிக்காரி பாடி வந்தாள். காலை நீட்டிப் பார்த்தாள். பிங்கி அசையவில்லை. மறுபடி நீட்டினாள். பிங்கி இன்னும் அசையவில்லை. பாடி வந்தவளின் இடுப்பு திரும்பியது.

இப்போது, என்றாள் பேச்சி தமிழில். அவளுக்கே கேட்காத குரலில்.

பிங்கி பாய்ந்தாள்.

நடுவர் கையைத் தூக்கினார். பேச்சி உள்ளே ஓடினாள். தன் இடத்துக்குப் போகவில்லை. நேராகப் போய், குப்புறக் கிடந்த பிங்கியைத் தூக்கி நிறுத்தினாள். பிங்கி அவள் காதருகே என்னவோ சொன்னாள். பேச்சிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. சரி சரி என்று தலையை ஆட்டினாள்.

அந்தப் போட்டியில் அவர்கள் அரையிறுதிவரை போய்த் தோற்றார்கள்.

நாலைந்து நாள் கழித்து ரெக்சலினுக்குப் போன் வந்தது.

"அக்கா."

"சொல்லு."

"இந்தியா டீம் கேம்புக்கு ஆள் எடுத்திருக்காங்க."

"உன்னையா?"

"பிங்கிய."

"உன் வேலை?"

"இருக்கு. இன்னும் ஒரு வருஷம் பாப்போம்னு சொல்லிருக்காங்க. புள்ளி கொஞ்சம் ஏறியிருக்கு."

"நல்லதுதான?"

"ஆமா. அவ இப்பத்தான் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனா."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏ பேச்சி, அழுதுக்கிட்டா இருக்க?"

"ஆமாக்கா."

"எதுக்கு? அவளுக்குக் கிடைச்சிருச்சேன்னா, உனக்குக் கிடைக்கலையேன்னா?"

பேச்சி யோசித்தாள்.

"ரெண்டையும் பிரிக்கத் தெரியலக்கா."