உலகம்மையார் பாராத முதுகு

தென்பாண்டிச் சீமையில் மேலக்கரை என்றோர் ஊர். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் செவிலியர் கல்லூரியும், அதை ஒட்டிப் பெரிய ஆஸ்பத்திரியும் இருந்தன. கல்லூரி மாணவிகள் எட்டரை மணிக்கு வகுப்புக்கு வருவார்கள். அவர்களில் ஒருவரான உலகம்மையார் மட்டும் ஆறு மணிக்கே வந்து, கேட்பாரற்றவர்களைப் படுக்க வைத்திருக்கும் கடைசி வார்டுக்குள் நுழைவார். வெந்நீர் வாளியும் துண்டும் எடுத்துக்கொண்டு, மலத்திலும் மூத்திரத்திலும் கிடப்பவர்களைத் துடைத்துத் துணி மாற்றுவார். அது அவருக்கு யாரும் இட்ட வேலை அன்று.

ஒவ்வொருவரையும் தொடுவதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டு, "மெய்யுடைய நாதா" என்று ஒரு தரம் சொல்லுவார். மெய்யுடைய நாதர் அவ்வூர்ச் சிவபெருமான். கோயில் நான்கு தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் அம்மையாருக்கு அங்கே போக நேரம் வாய்ப்பதில்லை. யாராவது கேட்டால், "அங்க இருக்கவருதான இங்கயும் படுத்திருக்காரு" என்பார்.

பீடி சுற்றும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பட்டயம் படித்துக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பதினாறு வருஷம் நர்சாக இருந்து, இடையிலே பட்டமும் முடித்து, நாற்பத்திரண்டாம் வயதில் மேல்படிப்புக்கு வந்திருந்தார். உடன் படித்தவர்களுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. ஆங்கிலத்தில் பேச எழுந்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்வரிசையில் சிரிப்பு கேட்கும். "பெரியம்மாவுக்கு வார்டுதான் லாயக்கு" என்று அபிதா என்ற மாணவி ஒருநாள் காதுபடவே சொன்னாள். அம்மையார் தாமும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். மறுநாளும் ஆறு மணிக்கு வாளியோடு நின்றார்.

இரண்டாம் ஆண்டில் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வராமல் காப்பது எப்படி என்பதை அம்மையார் எடுத்துக்கொண்டார். அறுபது நோயாளிகள். ஒவ்வொருவரையும் ஏழு நாள், தினமும் புரட்டிப் படுக்க வைத்து, முதுகையும் இடுப்பையும் கண்ணால் பார்த்து, தோல் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். ஒரு நாளும் தவறாமல் எழுதி வந்தார்.

அறுபதாவதான கடைசி நோயாளி பஸ் ஸ்டாண்டில் மயங்கிக் கிடந்து கொண்டுவரப்பட்ட ஒரு முதியவர். பெயர் தெரியாது, பேச்சு இல்லை. கனத்த சரீரம். கண்கள் மட்டும் அசையும். அவருடைய ஏழாம் நாள், அம்மையார் வகுப்பில் ஆங்கிலத்தில் கட்டுரை படிக்க வேண்டிய நாளாக அமைந்தது. இந்தத் தடவையாவது யாரும் சிரிக்கக் கூடாது என்ற ஆசையில் விடியற்காலை முழுதும் மனப்பாடம் செய்துவிட்டு, எட்டேகாலுக்குத்தான் வார்டுக்கு வந்தார். முதியவர் படுக்கையிலேயே மலம் கழித்திருந்தார். புரட்டினால் துடைக்க வேண்டும். துடைத்தால் வகுப்புக்குப் பிந்திவிடும். ஆறு நாளும் தோல் நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்தார். புரட்டவில்லை. 'புண் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். முதியவரின் கண்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

கட்டுரை நன்றாக அமைந்தது. வகுப்பு கைதட்டியது. அந்தக் கைதட்டலின் இனிப்பில் அம்மையார் நான்கு நாள் நூலகத்திலேயே கிடந்தார். காலைத் தொண்டுக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் போய் முதியவரைப் புரட்டியபோது, இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவே குழி விழுந்து, சீழ் கட்டியிருந்தது. அன்று புண்ணைக் கழுவும்போது நாதன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எந்த முகத்தோடு அழைப்பது என்றிருந்தது.

வெளியே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஏட்டின்படி அறுபது பேரில் ஒருவருக்கும் புண் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியை எஸ்தர் பூரித்துப் போனார். டெல்லி மாநாட்டுக்கு அனுப்பலாம் என்றார். யார் புகழ்ந்தாலும் அம்மையார் தலை குனிந்து நின்றார். அடக்கம் என்று நினைத்தார்கள். மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. கடைசியில் பேராசிரியையின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

எஸ்தர் ஏட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தார். பிறகு, "அந்தப் புண்ணு எட்டாம் நாளு வந்ததுன்னு வச்சுக்கிடுங்களேன் உலகம்மை. ஒரே ஒரு வரி. யாரு கேக்கப் போறா?" என்றார்.

"யாரும் கேக்கலையே மேடம். அதத்தான் தாங்க முடியல."

"ரெண்டு வருசப் படிப்பு போயிரும். யோசிச்சுக்கிடுங்க."

வாய்மொழித் தேர்வன்று வெளியூர்த் தேர்வாளர் ஏட்டைப் புரட்டிவிட்டு, "ஒருத்தருக்குக்கூடப் புண் வரலியா? ஆச்சரியமா இருக்கே" என்று பாராட்டாகவே கேட்டார். அவை நிறைய மாணவிகள். அம்மையார் எழுந்து நின்றார்.

"ஒருத்தருக்கு வந்துச்சு ஐயா. கடைசி நாளு அவரு முதுக நான் பாக்கல. பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டேன்."

ஆய்வேடு தள்ளுபடியானது. முதலிலிருந்து வேறு அறுபது பேரைப் பார்த்து, அடுத்த ஆண்டு எழுத வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அன்று முதல் விடுதியில் அவருக்குப் 'பாக்காம எழுதுன அக்கா' என்று பெயர் வந்தது. சாப்பாட்டு வரிசையிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அம்மையார் மறுக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயர் சுட்டது. சுடட்டும் என்று விட்டார்.

காலையும் மாலையும் முதியவரின் புண்ணை உப்பு நீரில் கழுவி, செத்த சதையை நீக்கி, மருந்திட்டுக் கட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஓடிவந்து புரட்டினார். புண் ஆறுகிறாற்போல் இருக்கும், மறுபடி கசியும். முதியவர் ஒரு முறையும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அம்மையாரை அதிகம் வருத்தியது. திட்டினால் தேவலை என்றிருந்தது.

பட்டமளிப்பு நாள் வந்தது. உடன் படித்தவர்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் படம் எடுத்துக்கொண்டார்கள். அபிதா அங்கியோடு கடைசி வார்டு வரைக்கும் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்றாள்.

"அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னைக்கு எங்ககூட நின்னிருப்பியளே அக்கா."

"இவரு முதுகு இன்னும் ஆறலையேம்மா" என்றார் அம்மையார். கை வேலையை நிறுத்தவில்லை. அபிதா சற்று நின்று பார்த்தாள். பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்தபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் கசங்கல்கூட இல்லை. உட்காரவும் முடியாத மனிதர் எங்கே போவார்? நர்சும் பார்க்கவில்லை, வாயிற்காவலரும் பார்க்கவில்லை. இறந்திருப்பார், எடுத்துப் போயிருப்பார்கள் என்று அம்மையார் பிணவறைக்கு ஓடினார். அங்கும் இல்லை. மன்னிப்பு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும் விடாமல் போய்விட்டாரே என்று கல்லூரி வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டார்.

எட்டு மணிக்கு மெய்யுடைய நாதர் கோயில் சபேச குருக்கள் கையில் ஒரு தாம்பாளத்தோடு அங்கே வந்தார். வாசலில் நின்ற எஸ்தரிடம், "நேத்து ராத்திரி அர்த்தஜாமம் முடிஞ்சு நான்தான் நடை சாத்தினேன். காலம்பற திறந்து, நேத்து சாத்தின பூ நிர்மால்யம் களையறேன், சுவாமி திருமேனிக்குப் பின்னால துணி தட்டுப்படறது. இதோ பாருங்கோ. உங்க ஆஸ்பத்திரிக் கட்டாத் தெரியறது. என்னன்னே புரியலை" என்றார்.

தாம்பாளத்தில் நான்காக மடித்த வெள்ளைத் துணிக்கட்டு, ஒட்டுநாடாவோடு இருந்தது. கட்டுப் போடும் நர்ஸ் நாடாவின் மேல் நாளும் நேரமும் தன் பெயரெழுத்தும் எழுதுவது வழக்கம். எஸ்தர் வாசித்தார். முந்தின நாள் தேதி. மாலை ஐந்து நாற்பது. 'உல.' அந்தக் கையெழுத்தை இரண்டு வருஷமாகத் திருத்தி வந்தவர் அவர். தாம்பாளத்தை அப்படியே வாசற்படிக்குக் கொண்டுபோய் நீட்டினார்.

அம்மையார் கட்டைப் புரட்டிப் பார்த்தார். உட்புறம் சீழில்லை, ரத்தமில்லை. உலர்ந்து சுத்தமாக இருந்தது. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

"ஐயோ, உம்ம முதுகையா நான் பாக்காம விட்டேன்! மெய்யுடைய நாதா!"

பல மாதம் நின்றுபோயிருந்த பெயர் அவரை அறியாமலே வாயில் வந்துவிட்டது.

எஸ்தர் தம் காரிலேயே அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அம்மையார் தூணோரம் நின்றார். நிமிர்ந்து பார்க்க நாணம் விடவில்லை. எஸ்தர் சொல்ல நடந்ததை அறிந்திருந்த குருக்கள் அவரைக் கவனித்தார். எப்போதும் முன்னே காட்டும் தீபத்தை அன்று சுவாமிக்குப் பின்புறம் கொண்டுபோய்க் குனிந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து மெல்லிய குரலில் சொன்னார்:

"ஆறிடுத்தும்மா."

மறு ஆண்டு உலகம்மையார் புதிதாக அறுபது பேரைப் பார்த்து எழுதித் தேறினார். பழைய கிராமத்துக்கே திரும்பி, ஓய்வு பெறும் நாள்வரை அங்கே நர்சாக இருந்தார். கோயிலில் நடந்ததை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. விசாரித்தால் தலை குனிந்துகொள்வார். எஸ்தர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஒருவரும் காணாத தம் பிழையை ஊரறியச் சொல்லி, அந்த நாணத்தோடேயே கடைசிவரை தொண்டு செய்த அந்த அம்மையாரை நினைத்து நாமும் ஒரு கணம் தலை வணங்குவோம்.